மாப்பிள்ளை சார்பில் இரண்டு வார்த்தை

அடுத்தவருடைய வாயைக் கேட்காமலே இரவல் வாங்கிக்கொள்கிற ஓர் இனத்தார் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். முடிதிருத்தும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். "பக்கத்துல ரொம்பக் குறைக்காதீங்க, அவனுக்குக் காது பெரிசாத் தெரியும்" என்று பின்னால் பெஞ்சிலிருந்து வருவது வேறொருவர் குரல். செருப்புக் கடையில் உங்கள் கால் இன்னும் முழுசாக உள்ளே நுழைந்திருக்காது. "அது கடிக்கும், வேற காட்டுங்க" என்று சொல்லியாகிவிடும். தெருவில் யாராவது உங்களைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கார், என்ன, கொஞ்சம் அலைச்சல்" என்று பதில் உங்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும். உங்களுக்கு அலைச்சல் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

கெட்டவர்களா? அதுதான் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இவர்கள் நல்லவர்கள். உங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். உங்களுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக ஓடிவருவார்கள். ஓடிவந்து, உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களுக்கே எடுத்துச் சொல்வார்கள்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வயது நாற்பத்திரண்டு. பெரிய சோபாக் கடை ஒன்றில் விற்பனையாளர். கடைக்கு வரும் பெண்மணி ஒரு மெத்தையை விரலால் அழுத்திப் பார்ப்பார். விரலை எடுப்பதற்குள் நம்மவர், "உங்களுக்கு முதுகு வலி இருக்கு மேடம்" என்பார். வரும்போது இல்லாத முதுகு வலியும், வாங்க நினைக்காத சோபாவுமாக அந்த அம்மாள் திரும்பிப் போவார். நண்பர்கள் இவருக்கு வைத்த பெயர் 'முன்னுரை'. எதைச் சொல்லத் தொடங்கினாலும், "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்" என்றுதான் தொடங்குவார். அந்த ஒன்று முடிவதற்குள் கேட்பவருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

முன்னுரைக்கு ஒரே ஒரு உயிர் நண்பர். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. இப்ப விடுங்க." நாள் முழுவதும் அவர் பேசுவது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இவரைக் கேள்வி கேட்டால் பக்கத்து இடத்திலிருந்து பதில் வரும். அன்று தொடங்கிய ஏற்பாடு அது. ஒருவருக்குப் பேசுவதற்கு ஆள் வேண்டும், இன்னொருவருக்குப் பேசாமல் இருப்பதற்கு ஆள் வேண்டும். இதைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எக்ஸ்ரேக்காரர் சோபாக் கடைக்கு வருவார். கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த சோபாவில் உட்காருவார். முன்னுரை பேசுவார். இவர் தலையாட்டுவார். முன்னுரை அவரை வாய் நிறைய "மாப்ள" என்று கூப்பிடுவார். இருபது வருஷமாக மாப்ள. ஆனால் மாப்பிள்ளை ஆகிற வேளைதான் வரவில்லை.

வேளை வந்தபோதும் அதைக் கொண்டுவந்தவர் முன்னுரைதான். அதே மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் ஒரு பெண்மணி. எக்ஸ்ரேக்காரர் எந்த எலும்பைப் படம் பிடித்து அனுப்புகிறாரோ அந்த எலும்பைப் பிடித்து நடக்கவைப்பவர். ஒரு வருஷம் இருவரும் நடைவழியில் எக்ஸ்ரே உறைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், முன்னுரை ஒரு நாள் இல்லாத சுளுக்கோடு பிசியோதெரபி பிரிவுக்குப் போய்ப் படுத்தார்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு என் ஃப்ரெண்டுக்கு ஆசை தங்கச்சி."

"தெரியும் அண்ணா. அவர் எப்ப வந்து சொல்வார்னு பாத்துட்டிருக்கேன்."

"அதான் இப்பச் சொல்லிட்டாரே" என்றார் முன்னுரை.

கல்யாணம் நிச்சயமாயிற்று. தேதி குறித்தார்கள். அன்றிரவே முன்னுரை வாழ்த்துரை எழுதினார். இரண்டே பக்கம். நம்புங்கள், அன்றைக்கு அது இரண்டு பக்கம்தான்.

பிறகு தள்ளிப்போடல் ஆரம்பித்தது. முதல் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெண்ணின் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நியாயமான காரணம். எக்ஸ்ரே எடுத்ததே மாப்பிள்ளைதான். இரண்டாவது தேதி குறித்தபோது, பெண் வீட்டார் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்பதாக மாப்பிள்ளைக்குச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமாம் என்று பெண் வீட்டுக்குச் செய்தி போனது. இரண்டையும் கொண்டுபோனவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு மூன்று வருஷம் இரண்டு பக்கமும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கேட்டால் அவசரப்படுத்துகிறோம் என்று ஆகிவிடும் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிறோம் என்று ஆகிவிடும் என்று பெண் கேட்கவில்லை. வாராவாரம் சந்தித்தார்கள், சேர்ந்து நடந்தார்கள், உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. அப்புறம் பெண்ணுக்கு வெளியூர் மாற்றல் வந்து மூன்று வருஷம் போயிற்று. திரும்பி வந்து, பெண்ணே மனசைத் திடப்படுத்திக்கொண்டு தேதி குறித்தால், மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது.

ஒவ்வொரு தள்ளிப்போடலுக்கும் வாழ்த்துரை வளர்ந்தது. பொறுமையைப் பற்றி ஓர் அத்தியாயம், காலத்தைப் பற்றி ஒன்று, இடுப்பு எலும்பைப் பற்றி ஒன்று. கடைசியில் கல்யாணம் உண்மையிலேயே நடக்கப்போகிறது என்று ஆனபோது அது முப்பத்தோரு பக்கம். அதற்கு ஓர் உறை. உறையின் மேல், 'மாப்பிள்ளை சார்பில் இரண்டு வார்த்தை.'

நூலகத்தின் மாடியிலுள்ள கூட்ட அறையில் கல்யாணம். எண்பது நாற்காலிகள், ஒரு நீள மேசை, அதன் மேல் பூங்கொத்து, நிற்கவைத்த மைக். பதிவாளர் வந்து கையெழுத்து வாங்கினால் முடிந்தது. வாழ்த்துரை அதற்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால். ஆனால் பதிவாளர் வந்து சேரவில்லை. முந்தைய கல்யாணத்தில் மாட்டிக்கொண்டாராம். வந்தவர்கள் நெளிய ஆரம்பித்ததும், மாப்பிள்ளையின் அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, வாழ்க்கையில் ஒரே ஒரு தவறு செய்தார்.

"தம்பி, அவங்க வர அரை மணி ஆகும்போல. நீ பேச வேண்டியதை இப்பவே பேசிடேன்" என்றார்.

முன்னுரை எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வரப்போவதை அவ்வளவு துல்லியமாகப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை.

"எல்லாரும் பழச்சாறு டம்ளரைக் கையில எடுத்துக்குங்க. மணமக்களுக்காக உயர்த்துங்க."

எண்பது கைகள் உயர்ந்தன.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்."

மூன்றாம் பக்கத்தில் கைகள் தோளுக்கு இறங்கின, ஆறாம் பக்கத்தில் மடிக்கு. அதற்குள் முன்னுரை பள்ளிக்கூட பெஞ்சையும், தமக்கு வந்த மஞ்சள் காமாலையையும், அப்போது எக்ஸ்ரேக்காரர் வந்து பதினோரு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த பெருந்தன்மையையும், கடையில் தமக்குக் கிடைத்த சிறந்த விற்பனையாளர் கேடயத்தையும் கடந்திருந்தார். பின் வரிசையில் ஒரு பெரியவர் துணிந்து பழச்சாற்றைக் குடித்துவிட்டார். அவரைப் பார்த்து அந்த வரிசை குடித்தது. மணப்பெண் எங்கே வருகிறார் என்று கேட்கிறீர்களா? பதினொன்றாம் பக்கத்தில் வந்தார். "என் மாப்ளைக்கு நான் பாத்து வச்ச தங்கச்சி" என்று.

எழுதி வைத்ததைக் குனிந்து படிக்கிற பேச்சாளரால் ஆபத்தில்லை. பதினான்காம் பக்கத்தில், 'பொறுமை' என்ற தலைப்பில், முன்னுரை தலையை நிமிர்த்தினார்.

"இது இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இன்னைக்குச் சொல்றேன். ரெண்டாவது தேதி குறிச்சாங்க பாருங்க, அப்ப தையல்காரர்கிட்ட இவனைக் கூட்டிட்டுப் போனேன். கோட்டு போட்டுப் பாத்தான். கழுத்துல கை வச்சு ஒரு பெருமூச்சு விட்டான். வேற யாரா இருந்தாலும் புரிஞ்சிருக்காது. எனக்குப் புரிஞ்சுது. பையன் பயப்படறான். வாயத் தொறந்து சொல்ற ஆளா அவன்? நானே நேரா தங்கச்சி வீட்டுக்குப் போயி, அவனுக்குக் கொஞ்சம் டைம் வேணுமாம்னு பக்குவமாச் சொன்னேன். இவன்கிட்ட வந்து, அவங்க வீட்ல டைம் கேக்கறாங்கன்னு சொன்னேன். ரெண்டு பக்கமும் மனசு நோகல. நட்புன்னா அதுதாங்க."

இந்த இடத்தில் தாளில் 'கைதட்டல்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. முன்னுரை நிறுத்திக் காத்திருந்தார். யாரும் தட்டவில்லை.

மணப்பெண் எழுந்து நின்றார்.

"அவர் சொல்லி நீங்க வந்து சொல்லலையா அண்ணா?"

"அவன் எங்க தங்கச்சி சொன்னான். நானாப் புரிஞ்சுக்கிட்டேன்."

மணப்பெண் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"காலர் இறுக்கமா இருந்துச்சு."

"என்ன சொன்னாரு?" என்றார் பின் வரிசையில் ஒருவர். "காலராம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பெண்ணின் அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நாங்க டைம் கேட்டோமா? வாக்கரோடயே வந்து நிக்கறேன்னு நான் சொன்னேனேம்மா" என்று மகளிடம் கேட்டார். மகள் மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் வாங்க" என்றார். இருவரும் மேசையைச் சுற்றிக்கொண்டு, ஓரமாக இருந்த நாற்காலிகள் அடுக்கும் அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது முன்னுரையின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். கையில் மைக். எதிரே எண்பது பேர், ஒருவர்கூட நெளியவில்லை, ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஆயுள் முழுவதும் அவர் ஏங்கிய சபை இதுதான். மீதி பதினேழு பக்கம் தாளாகக் கையில் இருந்தது. அவருக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, உக்காருங்க" என்றார் மனைவி, மெதுவாக.

அவர் உட்காரவில்லை. உட்காருவதற்கு முகமில்லை. "நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார். சபை அவரையே பார்த்தது. "அவன் முகத்துல ஒரு..." என்று தொடங்கினார். அதுவும் ஓடவில்லை. கடைசியில் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மைக்கில் பேசுகிறோம் என்பதையே மறந்தவர் மாதிரிச் சொன்னார்:

"காலர்னு எனக்கு அப்பவே தெரியும். நான் சோபா விக்கிறவன். யாருக்கு எங்க இறுக்குதுன்னு பாத்தாலே சொல்லிடுவேன்."

மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமையானா அவன் வருவான். வேற யாரும் வரமாட்டாங்க. நான் பேசினா வீட்ல கண்ணாடியக் கழட்டிடுவாங்க. கடைல எல்லாரும் போனைப் பாப்பாங்க. அவன் ஒருத்தன்தான் கேப்பான். கல்யாணம் ஆயிட்டா சனிக்கிழமை என்ன ஆகும்னு நினைச்சேன். ஒரு மாசம் தள்ளிப்போகட்டும்னு பாத்தேன். ஒரு மாசம்தான். அது இப்படி வருஷக்கணக்கா இழுக்கும்னு நான் நினைக்கல."

அவர் மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கணவர் ஒரு விஷயத்தை முன்னுரையில்லாமல் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"அங்க பாருங்க" என்றார் அக்கா.

நாற்காலி அறையின் கதவில் சின்னதாய் ஒரு கண்ணாடி. அதன் வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. முதலில் மணப்பெண்ணின் தலை அசைந்துகொண்டிருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது அது அசையவில்லை. அசைந்தது மற்றொரு தலை. எக்ஸ்ரேக்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையை நீட்டிப் பேசினார். இரண்டு கையையும் விரித்துப் பேசினார். நிறுத்தினார், முடிந்துவிட்டது என்று சபை மூச்சு விட்டது, மறுபடியும் பேசினார்.

"என் தம்பி இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல" என்றார் அக்கா.

முன்னுரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நண்பர் திணறவில்லை. சொல் தேடவில்லை. எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்கிறான்? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான நட்பில் நண்பர் என்ன சொல்கிறார் என்று இவருக்குத் தெரியாமல் போனது அதுவே முதல் தடவை. அது உறுத்தியது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பதிவாளர் அம்மாள் வந்து சேர்ந்தார். கையில் பெரிய பதிவேடு, முகத்தில் அடுத்த கல்யாணத்தின் அவசரம்.

"மணமக்கள் எங்க? எனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. கல்யாணம் இருக்கா, தள்ளிப்போடறீங்களா?"

எண்பது பேரும் முன்னுரையைத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கதோஷம். இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்பவர் அவர்தானே. அவரும் வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயில் என்ன இருந்தது தெரியுமா?

"தெரியலைங்க" என்றார். "அவங்கதான் சொல்லணும்."

பதிவாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நான்கு நிமிஷம் போயிற்று. ஐந்தாவது நிமிஷம் கதவு திறந்தது. மணப்பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நடையில் தளர்ச்சி இல்லை. மாப்பிள்ளை காலர் பொத்தானைக் கழற்றி விட்டிருந்தார். இரண்டு பேரும் நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே அவர் என்ன பேசினார் என்பது இன்றுவரை முன்னுரைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்கும் அது தேவையில்லை.

"சாட்சி யாரு?" என்றார் பதிவாளர்.

முன்னுரை ஒரு நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். இரண்டு சாட்சிகளில் ஒருவர் அவர் என்று எட்டு வருஷமாகப் பேச்சு. இன்று அதைக் கேட்க அவருக்கு வாயில்லை. அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி பெண்ணைப் பார்த்தார். மணப்பெண் கொஞ்சம் யோசித்தார்.

"அண்ணாவே போடட்டும்" என்றார். "கையெழுத்துக்குச் சத்தம் கிடையாது."

அறையில் முதல் சிரிப்பு பெண்ணின் அப்பாவிடமிருந்து வந்தது. அப்புறம் அடக்க ஆளில்லை.

முன்னுரை வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அதற்கு முன்னாடி ஒன்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கே பயமாக இருந்தது. நண்பரின் தோளில் கையை மட்டும் வைத்தார். எக்ஸ்ரேக்காரர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. "ஆறு மாசம் உன்கூட பேசமாட்டேன்" என்றார். பிறகு, "நான் பேசாம இருந்தா உனக்குத் தெரியுமான்னுதான் தெரியல" என்றார். நண்பருக்கு நகைச்சுவை வரும் என்பதும் முன்னுரைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் அதற்கு இடம் கொடுத்தால்தானே.

பதிவாளர் பதிவேட்டைத் திறந்து, மாப்பிள்ளையிடம் முறையான கேள்வியைக் கேட்டார். "இந்தத் திருமணத்துக்கு உங்களுக்கு முழுச் சம்மதமா?"

முன்னுரையின் உதடு அசைந்தது. சத்தியமாக அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கால் தடுக்கினால் கை தானாக நீளுவதுபோல அது நடந்தது. மணப்பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முன்னுரை கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார். அறை முழுவதும் காத்திருந்தது. எக்ஸ்ரேக்காரர் அவசரப்படவில்லை.

"சம்மதம்" என்றார். "எட்டு வருஷமாச் சம்மதம்."

முன்னுரை கையெழுத்துப் போட்டார். பல்லில் பிடித்த உதட்டை அப்போதுதான் விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஓர் ஆளா என்றும், நல்ல வேளை நான் அப்படியில்லை என்றும் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. போன வாரம் வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ டாக்டரிடம் கூட்டிப் போனீர்களே, "எங்க வலிக்குது?" என்று டாக்டர் அவரைக் கேட்டார் அல்லவா, பதில் சொன்னது யார்? சரி, அதை விடுங்கள். இதைப் படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இது அப்படியே உங்க அண்ணனைப் பத்தி எழுதின மாதிரியே இருக்கு, உங்களுக்கும் அப்படித்தானே தோணுது?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள், தவறில்லை. கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை சும்மா இருந்து பாருங்கள்.